நூதனசாலையும் நம் வளவும்

(வடபுலத்துக் கிராம வாசிகசாலை ஒன்றின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இக்காலக் கலைக்கென எழுந்துள்ள நூதனசாலைகளைப் பற்றியும், அவை நடத்தும் கண்காட்சிகளையும் பொது நிகழ்ச்சிகளையும் பற்றியும் பேசுமாறு விழாக் குழுவினர் நம்மைப் பணித்துள்ளனர். இங்கே அமர்ந்திருப்போரிற் பாதிப்பேர் விடியற்புறத்திலே வெங்காயத்துக்கு நீர் இறைத்துவிட்டு வந்தவர்கள். மீதிப்பேர் கந்தோரிலும் பாடசாலையிலும் வைத்தியசாலையிலும் நீதிமன்றத்திலும் வாரமெல்லாம் உழைத்து, கிடைத்த ஓய்வுநாளை இக்கூட்டத்துக்கு ஒதுக்கியவர்கள். "கொழும்பிலே யாரோ படம் மாட்டி வைத்திருக்கிறார்களாம், அதற்கும் நமக்கும் என்ன தொடர்பு?" என்ற வினா உங்கள் முகங்களிலே எழுதியிருக்கின்றது. அவ்வினா நியாயமானது. அதனை ஒதுக்கிவிட்டுக் கலையின் மாண்பு, கலையின் தெய்விகம் என்று பேசத் தொடங்கினால் நேரம் போகுமேயன்றி விடை கிடைக்காது. ஆதலின் அவ்வினாவையே இன்றைய பேச்சின் பொருளாகக் கொள்வோம்.

முதலிலே சொல்லைப் பார்ப்போம். தமிழ்நாட்டார் அருங்காட்சியகம் என்பதனை நாம் நெடுங்காலமாக நூதனசாலை என்று வழங்கி வருகின்றோம். நூதனம் என்றாற் புதுமை. ஆனால் நூதனசாலைக்குள்ளே நாம் கண்டவை யாவை? மூக்குடைந்த சிலை, துருப்பிடித்த வாள், செல்லாக் காசு, கண்டி மன்னனின் சிம்மாசனம். பழம்பொருளை அடைத்து வைத்த வீட்டுக்குப் புதுமைச் சாலை என்று பெயர் சூட்டிய முன்னோரின் நகைச்சுவையை மெச்சத்தான் வேண்டும். அப்பெயர் இப்போதுதான் தனக்குரிய இடத்தை அடைந்துள்ளது. இக்காலக் கலை நூதனசாலை என்பது, பெரும்பாலும், நம் காலத்திலே வாழும் கலைஞர் நம் காலத்து நடப்பைப் பற்றி ஆக்கியவற்றை நம் முன்னே வைப்பது. அரசன் அமர்ந்த சிம்மாசனத்தோடு எவரும் வழக்காட முடியாது. இங்கேயோ, காண வருபவர் "இது பிழை, அன்று நடந்தது இவ்வாறன்று" என்று ஆக்கியவரின் முகத்துக்கு நேரே சொல்லலாம். சொல்லவும் வேண்டும்.

அதனாற்றான் இத்தகைய நூதனசாலைக்குச் சுவரிலே உள்ள பொருள் பாதி, சுவருக்கு முன்னே நடக்கும் பேச்சு மீதி என்கின்றோம். கலைஞருடன் உரையாடல், மாணாக்கருக்கு வரைதற் பயிற்சி, ஆசிரியருக்கு வகுப்பு, திரைப்படம், நூல் வாசிப்பு எனப் பலவற்றை அவை நடத்துகின்றன. பாரிசு நகரிலே 1977 ஆம் ஆண்டில் பொம்பிடு நிலையத்தைத் திறந்தபோது, இக்காலக் கலைக்கான நூதனசாலையையும் யாவரும் புகத்தக்க பெரும் பொது நூலகத்தையும் ஒரே கூரையின்கீழ் வைத்தார்கள். புத்தகம் தேடி வந்தவன் ஓவியத்தையும் எட்டிப் பார்ப்பான் என்ற எண்ணம் அதிலே இருந்தது. வாசிகசாலை நடத்தும் உங்களுக்கு அதனை விளக்க வேண்டியதில்லை.

"அங்கே வைப்பன படங்களாகவும் இல்லையே! கல்லும் கயிறும் போத்தலும் கிழிந்த சாக்கும் வைத்துக் கலை என்கின்றனரே!" என்று சிலர் முறையிடுவர். இஃது யாழ்ப்பாணத்தார் சொல்லத்தகாத முறைப்பாடு. சப்பறத் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். மரத்தையும் கமுகஞ் சிலாகையையும் வரிந்து கட்டி, வண்ணத் தாளும் சீலையும் ஒட்டி, விளக்கேற்றி, கோபுரமே எழுந்து நடந்து வருவதுபோல் ஓரிரவுக்கு நிறுத்தினார்கள் நம் தொழிலாளர். மறுநாள் அவிழ்த்துவிட்டார்கள். அது சிற்பமா? ஓவியமா? கட்டடமா? மூன்றும்தான், ஒன்றுமில்லைத்தான். ஓரிடத்துக்கென்றே அமைத்து, உள்ளே நின்று உணர வைத்து, காலம் முடிந்ததும் கலைத்துவிடும் ஆக்கத்தை இக்கால அறிஞர் தாபனக் கலை என்கின்றனர். பெயர்தான் நமக்குப் புதிது.

இலண்டன் மாநகரிலே தேம்சு நதிக்கரையிற் கைவிடப்பட்டிருந்த மின்னுற்பத்தி நிலையம் ஒன்றை 2000 ஆம் ஆண்டில் இக்காலக் கலை நூதனசாலையாக மாற்றினர். தேற் மொடேர்ண் என்பது அதன் பெயர். சுழலிப் பொறிகள் நின்ற பெருங்கூடத்திலே 2007 ஆம் ஆண்டு கொலம்பியா நாட்டுப் பெண் கலைஞர் டோறிசு சல்செடோ ஓர் ஆக்கத்தை அமைத்தார். என்ன அமைத்தார்? ஒன்றையும் அமைக்கவில்லை என்றே உள்ளே நுழைந்தவர் எண்ணினர். பின்னர் தரையைப் பார்த்தனர். வாயிலிலே மயிரிழைபோலத் தொடங்கிய ஒரு வெடிப்பு, போகப் போக அகன்று, கூடத்தின் மறு எல்லைவரை 167 மீற்றர் நீளத்துக்கு ஓடியது. பங்குனி சித்திரை வெயிலிற் குளத்துப் படுகை பிளந்து கிடப்பதைக் கண்ட வன்னிக் கமக்காரன் அதனை இலண்டன்வாசியிலும் விரைவாக அறிந்திருப்பான்.

அவ்வாக்கத்துக்கு அவர் இட்ட பெயர் "சிபொலெத்". கிறித்தவ வேதத்தின் பழைய ஏற்பாட்டிலே வரும் சொல் அது. ஆற்றுத் துறையிலே காவல் நின்றவர், கடக்க வந்தவனை அச்சொல்லை உச்சரிக்கச் சொன்னார்கள். நா புரளாமற் பிழையாக உச்சரித்தவன் பகைவன். அவனை அங்கேயே வெட்டினார்கள். இக்கதையைக் கேட்டதும் உங்களுள் மூத்தோர் சிலர் தலைகுனிவதைக் காண்கின்றோம். நம் தீவிலே 1958 இலும் 1983 இலும் தெருவிலே மறித்தவர்கள் ஒரு சிங்களச் சொல்லைச் சொல்லச் சொல்லித் தமிழனை அடையாளங் கண்ட கதைகள் நம் வீடுகளில் இன்றும் சொல்லப்படுகின்றன. கொலம்பியப் பெண் ஒருவர் இலண்டன் தரையிலே கீறிய கோடு, நம் வீட்டுத் திண்ணைவரை வருகின்றது. கண்காட்சி முடிந்த பின் வெடிப்பை நிரப்பி மூடினர். ஆனால் நிரப்பிய தழும்பு தரையிலே தெரிகின்றது. நடப்போர் அதன்மேல் நடக்கின்றனர்.

இனி நம் ஊருக்கு வருவோம். 1981 ஆம் ஆண்டு எரியூட்டப்பட்டு, மீளக் கட்டப்பெற்ற யாழ்ப்பாணப் பொது நூலகத்திலே 2004 ஆம் ஆண்டில் "அகம் புறம்" என்னும் கண்காட்சி நடந்தது. போர்நிறுத்தக் காலம் அது. தெற்கிலிருந்தும் கலைஞர் வந்து பங்குகொண்டனர். அதிலே யாழ்ப்பாணத்துக் கலைஞர் தா. சனாதனன் அவர்கள் வைத்த ஆக்கத்தைக் குறித்தே நாம் சிறப்பாகச் சொல்ல விரும்புகின்றோம். அவர் தூரிகையைத் தொடவில்லை. வீடு வீடாகக் கேட்டார். போர்க்கால வாழ்வை நினைவூட்டும் பொருள் ஏதாவது உண்டா, தருவீர்களா என்று மக்களைக் கேட்டு, கிடைத்தவற்றைப் போத்தல்களில் இட்டு, நூற்றுக்கணக்காக அடுக்கி வைத்தார். "வரலாறுகளின் வரலாறு" என்று பொருள்படும் பெயரை அதற்கு இட்டார். நூல்கள் சாம்பரான அதே இடத்திலே, மக்கள் கொடுத்த பொருள்களே நூல்களாக அடுக்கப்பட்டன.

நீங்களாயின் எதனைக் கொடுத்திருப்பீர்கள்? சற்றே எண்ணிப் பாருங்கள். 1990 இற்குப் பின் மின்சாரமும் இல்லை, மண்ணெண்ணெயும் அரிது என்றிருந்த காலத்திலே, ஜாம் போத்தலிற் சிறிதளவு எண்ணெய் விட்டுத் திரி கொளுத்திப் பிள்ளைகள் படித்தார்களே, அவ்விளக்கு எங்கே? சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதிக்க, டைனமோவின் மின்னிலே வானொலிச் செய்தி கேட்டோமே, அந்த டைனமோ எங்கே? பழைய மோட்டார் வண்டியைச் சிறிதளவு பெற்றோலிலே கிளப்பி மண்ணெண்ணெயிலே ஓட்டிய நம் மெக்கானிக்குகளின் கைத்திறனை எந்தப் பாடநூல் எழுதியது? தடைக்காலத்தில் மக்கள் கண்டுபிடித்த இவ்வகை உபாயங்களைச் சனாதனன் 2016 ஆம் ஆண்டிலே மற்றோர் ஆக்கமாகச் செய்தார். நூலகத்திலே நூற்பட்டியல் அட்டைகளை வைக்கும் இழுப்பறைகள் கொண்ட அலுமாரிதான் அதன் வடிவம். இழுப்பறையை இழுத்தால், பொருளும் அதன் கதையும் அட்டையிலே.

அவர் ஆக்கங்களுள் கமக்காரருக்கும் சட்டத்தரணிகளுக்கும் ஒருங்கே நெருக்கமானது வேறொன்று உண்டு. தோம்பு என்ற சொல் இச்சபையில் எவருக்கும் புதிதன்று. போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் விரித்தெழுதிய காணிப் பதிவேடு அது. ஆள வந்தவன் இறை அறவிடுவதற்காக எழுதிய ஏடு. 2011 ஆம் ஆண்டில் "முற்றுப்பெறாத தோம்பு" என்று பொருள்படும் தலைப்பிலே சனாதனன் ஒரு நூலை ஆக்கினார். வீட்டை விட்டு இடம்பெயர்ந்த தமிழரையும் முசுலிம்களையும் அணுகி, விட்டுவந்த வீட்டின் தளப்படத்தை நினைவிலிருந்து வரைந்து தருமாறு கேட்டார். 80 வீடுகள். அவ்வீட்டார் தம் கையாற் கீறிய கோட்டுப்படம் ஒரு தாள். அதனையே கட்டடக் கலை முறைப்படி அளவுகோல் வைத்து வரைந்த படம் மற்றொரு தாள். அவர்கள் சொன்ன கதையைக் கேட்டுக் கலைஞர் தீட்டிய சித்திரம் இன்னொரு தாள். கந்தோர்க் கோப்புப் போலவே அதனைக் கட்டி வைத்தார். 1990 ஆம் ஆண்டு ஒக்டோபரிலே வடக்கை விட்டு வெளியேற்றப்பட்ட முசுலிம் மக்களின் வீடும், எறிகணைக்கு அஞ்சி ஓடிய தமிழரின் வீடும் ஒரே கோப்பிலே பக்கத்துப் பக்கத்துத் தாளாக இருப்பதை நாம் பெரிதும் மதிக்கின்றோம். அதனை நினைத்துப் பார்க்கும் கடமை நமக்கு உண்டு.

நொத்தாரிசு எழுதிய உறுதி ஒன்றை எடுத்துப் பாருங்கள். காணியின் பெயர் இருக்கும். பரப்பும் குழியும் இருக்கும். நான்கு எல்லைக்கும் உரியவரின் பெயர் இருக்கும். கிணற்றிற் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் இருக்கும். இவற்றைக் குறைவாக மதிப்பிடுகின்றோம் என்று இங்குள்ள நொத்தாரிசுமார் எண்ணற்க. அந்த உறுதியைச் சேலைத் தலைப்பிலே முடிந்துகொண்டு முகாம் முகாமாக நடந்த தாய்மார்கள் அதன் மதிப்பை நன்கறிவர். ஆனால் மழைநாளிலே எந்த மூலையில் ஒழுகும், ஆச்சி படுத்திருந்த திண்ணை எது, படலையடி வேம்பின் நிழல் பின்னேரத்திலே எதுவரை நீளும், பிள்ளை பிறந்த அறை எது, யாரைக் கிணற்றடியிலே குளிப்பாட்டி அனுப்பினோம் என்பவற்றை எந்த நொத்தாரிசும் எழுதியதில்லை. வலிகாமம் வடக்கிலே 1990 இல் விட்டுவந்த காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டபோது, சென்று பார்த்தவர்களிற் பலர் வீட்டையன்று, வீடு நின்ற இடத்தையே தேடினர். விடுவிக்கப்படாத காணிகளும் உள. அத்தகையோருக்கு, தாளிலே வரைந்த அந்தக் கோணலான படம் ஓர் ஆவணம். அதை வரையத் தெரிந்தவர்களோ எழுபதையும் எண்பதையும் தாண்டிக்கொண்டிருக்கின்றார்கள்.

இவ்வகை ஆக்கங்கள் சனாதனனோடு ஆரம்பித்தனவுமல்ல, அவரோடு முடிந்தனவுமல்ல. ஆனால் நம் நாட்டிலே இவற்றைத் தொகுத்துக் காட்ட ஒரு வீடு நெடுங்காலம் இருந்ததில்லை. 2019 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திலேதான் இலங்கை நவீன, சமகாலக் கலை நூதனசாலை தன் முதலாவது கண்காட்சியைக் கொழும்பிலே திறந்தது. தொகுத்தமைத்தவர் சர்மினி பெரேரா அம்மையார். சுதந்திர காலத்திலிருந்து நம் காலம்வரையுள்ள இலங்கைக் கலையைக் காட்ட முனைந்த அக்கண்காட்சியின் முந்திய வடிவம் 2018 இல் வங்காளதேசத்துத் தலைநகர் டாக்காவிலே காட்டப்பெற்றது. நம் நாட்டுக் கதையை நம்மினும் முன்னதாக டாக்கா மக்கள் கண்டனர் என்பது சற்றே உறுத்தத்தான் செய்கின்றது. "நூறாயிரம் சிறு கதைகள்" என்று பொருள்படும் அதன் தலைப்பு, ஈழத்துக் கவிஞர் சேரனின் கவிதை ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டது. தலைநகரிலே நாட்டின் கலை முழுவதற்கும் வாயில் திறந்தபோது, அவ்வாயிலின்மேல் எழுதிய வாசகம் ஒரு தமிழ்க் கவிஞனிடமிருந்து வந்தது என்பதை எத்தனை தமிழர் அறிவர்?

திறந்த சில மாதங்களிலே கொள்ளைநோய் வந்தது; ஊரே அடைத்தது. பின்னர் 2022 இல் அந்நூதனசாலை கொள்ளுப்பிட்டியிலே ஒரு கடைத்தொகுதியின் தரைத்தளத்துக்கு இடம் மாறிற்று. கடைத்தொகுதியிலே கலையா என்று முகஞ் சுளித்தோர் உளர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. சாமான் வாங்க வந்தவர் கைப்பையோடு உள்ளே நுழையலாம், கட்டணமும் இல்லை. நமக்குள்ள ஐயம் வேறு. பளிங்குத் தரையும் வாயிற்காவலனும் உள்ள அத்தகைய கட்டடங்களுக்குள்ளே சாரமுடுத்த மனிதன் கூச்சமின்றிக் கால்வைப்பானா? கதவு திறந்திருத்தல் வேறு, வருக என்றழைத்தல் வேறு.

அந்நூதனசாலையின் செயல்களுள் நாம் மனமாரப் பாராட்டுவது, அதன் மொழி ஒழுங்கை. சுவரிலே எழுதும் விளக்கமும், நடத்தும் நிகழ்ச்சியும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மும்மொழியிலும் அமைய வேண்டும் என்பதை அவர்கள் தொடக்கத்திலேயே கொள்கையாக வைத்தார்கள். காண வருவோரோடு பேசி விளக்குவதற்கென இளைஞர்களைப் பயிற்றி நிறுத்தியுள்ளார்கள். இது சிறு விடயமா? 1956 ஆம் ஆண்டுச் சட்டத்தாற் புறத்தே தள்ளப்பட்ட தமிழ், 1987 இல் வந்த 13 ஆம் திருத்தத்தால் அரச கரும மொழி என்ற பெயரைப் பெற்றது. பெயரைப் பெற்றதேயன்றி, அரச கந்தோர்களின் பலகைகளிலே அது படும் பாடு உங்களுக்குத் தெரியும். கொம்பு இழந்தும் கால் முறிந்தும் தொங்கும் எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து நம் கண் பழகிவிட்டது. அரசின் கையில் இல்லாத ஒரு நூதனசாலை, ஆணையோ சட்டமோ கட்டாயப்படுத்தாமலே, மும்மொழியையும் நிரையாக வைக்கின்றது. செய்ய இயலாது என்று சொல்லும் திணைக்களங்களுக்கு இதனைச் சுட்டிக் காட்ட வேண்டும்.

ஆயினும் ஒன்று சொல்வோம். பொதுவாக இக்காலக் கலை பற்றி நம் நாட்டில் எழுதப்படும் தமிழ், ஆங்கிலத்திலே சிந்தித்துத் தமிழெழுத்திலே அச்சிட்ட தமிழாக இருக்கின்றது. எண்ணக்கரு, வெளி, கட்டமைப்பு என்று சொற்கள் அடுக்கப்படுகின்றன, பொருள் விளங்குவதில்லை. சப்பறம், தோம்பு, வளவு, படலை என்ற சொற்கள் கையிலிருக்க, கடன்வாங்கிய சொல்லால் ஏன் மயங்க வேண்டும்? மூலமே தமிழில் எழுதப்பட்டு, அதிலிருந்து ஆங்கிலத்துக்குப் பெயர்க்கப்படும் கண்காட்சி ஒன்றை நாம் காண விரும்புகின்றோம். அதற்குத் தமிழறிஞர்தாம் முன்வர வேண்டும். குறைகூறும் நாமே எழுதுகோலை எடுக்காவிடில் பிறரை நோவதிற் பயனில்லை.

2023 ஆம் ஆண்டில் அந்நூதனசாலை தொடங்கிய மற்றொரு கண்காட்சியையும் குறிப்பிட வேண்டும். கண்டி வத்தப்புழுவையிலே 1950களில் அரச ஊழியருக்கென 88 ஏக்கர் நிலத்தில் ஒரு வீடமைப்புத் திட்டம் நிறைவேறியது. வரைந்தவர் மினெற் டி சில்வா அம்மையார், இலங்கையின் முதற் பெண் கட்டடக் கலைஞர். ஒரே அச்சிலே வீடுகளை வார்த்து வரிசையாக நிறுத்துவதே அரச திட்டங்களின் வழக்கம். அவரோ, குடிவரவிருந்த குடும்பங்களுக்கு வினாத்தாள் கொடுத்தார். சமைப்பது எவ்வாறு, குடும்பத்தில் எத்தனை பேர், எவ்வளவு பணம் செலவிட இயலும் என்றெல்லாம் கேட்டறிந்து, அதற்கிசைய வீட்டு வகைகளை அமைத்தார். கட்டடக் கலையை ஓவியம்போல் மாட்டிக் காட்டுவதென்றால் வரைபடமும் நிழற்படமும் போதும். ஆனால் அங்கே எழுந்த உண்மைப் பொருள், வீட்டிலே வாழப்போகின்றவனிடம் அரசு ஒரு காலத்தில் வினவியது என்பதே. போருக்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் பல்லாயிரம் வீடுகள் கட்டப்பட்டன. அவற்றின் அடுக்களை எத்திசையை நோக்க வேண்டும் என்று எத்தனை தாய்மாரைக் கேட்டார்கள்? இங்கே வந்திருக்கும் பொறியியலாளர் அன்பர்கள் இவ்வினாவை உடன் எடுத்துச் செல்வார்களாக.

இப்போது உங்கள் கண்ணுக்கு ஓர் ஒற்றுமை தெரியும் என்று நம்புகின்றோம். போத்தலிலே பொருள் கேட்டவரும், வீட்டை வரையக் கேட்டவரும், வினாத்தாள் கொடுத்த அம்மையாரும் மக்களிடம் வந்து கேட்டார்கள். மக்கள் கொடுத்தார்கள். அவ்வாறு கொடுத்த பொருளும் சொல்லும் படமும் இன்று உயர்ந்த கலை என்று மதிக்கப்படுகின்றன, நூல்களாகின்றன, வெளிநாடுகளுக்கும் செல்கின்றன. கொடுத்தவர்களோ அவற்றை மீண்டும் கண்டார்களா? இதுவே நம் கேள்வி. அகம் புறம் கண்காட்சி பொது நூலகத்திலே நடந்ததால், கொடுத்தவர்கள் வந்து தம் பொருளைத் தேடிப் பார்த்தல் கூடியதாயிருந்தது. கொழும்பிலே வைத்தால் யாழ்ப்பாணத்தவனுக்கு அது ஏறத்தாழ 400 கிலோமீற்றர். இரவுப் பயணம், ஒருநாள் அலைச்சல், மறுபடியும் இரவுப் பயணம். கமக்காரனுக்கு அது இரண்டு நாள் இறைப்பு. சனிக்கிழமை மாலை கொள்ளுப்பிட்டியிலே நடக்கும் சொற்பொழிவு பொது நிகழ்ச்சிதான். ஆனால் எந்தப் பொதுவுக்கு?

யப்பான் நாட்டுக் கனசாவா நகரத்தார் இச்சிக்கலை எவ்வாறு எதிர்கொண்டனர் என்று சொல்கின்றோம். அங்கே 2004 ஆம் ஆண்டு 21 ஆம் நூற்றாண்டுக் கலை நூதனசாலையைத் திறந்தபோது, நகரிலுள்ள பாடசாலைப் பிள்ளைகளை வகுப்பு வகுப்பாக அழைத்து வந்து காட்டினார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகளை மட்டுமன்று, சித்திரம் கற்போரை மட்டுமன்று, யாவரையும். பார்த்து முடித்துத் திரும்பும் பிள்ளையின் கையிலே ஓர் அனுமதிச் சீட்டைக் கொடுத்தனர். "இன்னொரு முறை" என்பது அச்சீட்டின் பெயர். பிள்ளை அச்சீட்டோடு வீட்டுக்குப் போய்ப் பெற்றாரை இழுத்து வரும். நூதனசாலைப் படியை ஒருநாளும் மிதித்திராத தந்தைக்கு, தன் மகளே வழிகாட்டியாக நின்று விளக்குவாள். கோடிக்கணக்கிலே பணம் கொட்டிச் செய்யும் விளம்பரம் இச்சிறு சீட்டுக்கு ஈடாகாது.

ஆகவே கொழும்பு நூதனசாலையாரிடம் நாம் கேட்கத்தக்கவை சில உள. கண்காட்சிகள் அங்கேயே தொடங்கி அங்கேயே முடிவதை விடுத்து, ஒரு பகுதியேனும் யாழ்ப்பாணத்துக்கும் வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்கும் அட்டனுக்கும் வர வேண்டும். மூலப் பொருளைக் கொணர்வது பாதுகாப்புக்கு ஏலாதெனின், தோம்பு போன்ற நூல்வடிவ ஆக்கங்களின் படிகளையாவது கொணரலாம். பாடசாலை மண்டபமும் வாசிகசாலையும் அதற்குப் போதும். வரும்போது விளக்கம் சொல்பவர் தமிழறிந்தவராக இருத்தல் மட்டும் போதாது, கேட்க அறிந்தவராகவும் இருத்தல் வேண்டும். இவற்றை நன்றியற்ற குறைகூறலாக எவரும் கொள்ளலாகாது. மும்மொழியை ஏற்றுக்கொண்ட நிறுவனத்திடந்தான் இவ்வாறு கேட்க முடியும். கேளாச் செவியிடம் கேட்டு என்ன பயன்? கல்வித் திணைக்களத்தாருக்கும் ஒரு சொல். மாணவர் சுற்றுலா என்றால் விலங்குப் பூங்கா, விமான நிலையம், கடற்கரை என்று வழித்தடம் எழுதி வைத்திருக்கின்றீர்கள். கொழும்புவரை வரும் பேருந்தை ஒரு மணிநேரம் இந்நூதனசாலையிலும் நிறுத்தினால் எரிபொருள் கூடாது.

அவர்கள் வரும்வரை நாம் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. கனடாவிலே வன்கூவர் நகரத்து மானிடவியல் நூதனசாலையிலும் 2010 இல் சனாதனன் நம் புலம்பெயர்ந்தோரிடம் பொருள் கேட்டுப் பெற்றே ஆக்கம் செய்தார். அங்கே செய்யக்கூடியதை இந்த வாசிகசாலையிலே செய்ய முடியாதா? இதற்கு ஓவியர் வேண்டியதில்லை. பாடசாலை விடுமுறையிலே பிள்ளைகள் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டிலோ அயலிலோ உள்ள மூத்தவர் ஒருவர் அருகே தாளும் பென்சிலும் கொண்டு அமர வேண்டும். "அம்மம்மா, நீங்கள் பிறந்த வீட்டைக் கீறிக் காட்டுங்கோ" என்று கேட்க வேண்டும். கை நடுங்குமாயின் அவர் சொல்லச் சொல்லப் பிள்ளை கீறலாம். கிணற்றை முதலிலே கீறுவார் என்று நாம் பந்தயம் வைப்போம். அளவு பிழைத்தாற் பிழைக்கட்டும். நில அளவையாளர் அன்பர் ஒருவர் முன்வரிசையில் இருக்கின்றார், பின்னர் அவரைக் கொண்டு ஒழுங்காகவும் வரைவிக்கலாம். தாளின் பின்புறத்திலே காணியின் பெயர், ஊர், விட்டுச் சென்ற ஆண்டு, திரும்பிய ஆண்டு, திரும்பவில்லையெனின் அதனையும் எழுதுக. வரைந்தவரின் பெயரை அவர் விரும்பினால் மட்டும் எழுதுக. இவ்வூரை விட்டுச் சென்று புத்தளத்திலும் பிற இடங்களிலும் வாழும் முசுலிம் அயலவருக்கும் தபாலிலே தாள் அனுப்புவோம். மூலத் தாள்கள் அவ்வீட்டாருக்கே உரியன. படியெடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சேர்ந்தவற்றை இம்மண்டபத்துச் சுவரிலே மாட்டி, வரைந்தவர்களையே அருகில் நிறுத்தி, ஊரவர் வந்து கேட்கும்படி செய்வோம். எல்லை பற்றி ஓரிரு வாக்குவாதம் எழலாம். சட்டத்தரணிமார் அன்று தொழில் பார்க்கலாகாது என்பது மட்டும் விதி.

அக்கண்காட்சிக்குக் கொழும்பு நூதனசாலையாரை விருந்தினராக அழைத்து, இரண்டாயினும் மூன்றாயினும் அவர்கள் கொணரும் ஆக்கங்களையும் நம் தாள்களுக்கு அருகே வைக்க வேண்டுமென்று கடிதம் எழுதுவோம். கடிதத்தைத் தமிழிலேயே எழுதுவோம். மும்மொழி நூதனசாலை அல்லவா! வெள்ளைத்தாட் கட்டொன்றைச் செயலாளர் மேசையிலே வைத்திருக்கின்றோம். இன்று வீட்டுக்குப் போகும் பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு தாள் எடுத்துச் செல்லலாம். பென்சிலை மட்டும் நீங்களே கொண்டு வாருங்கள்.